பத்து மணி பத்து நிமிடம்

நீதிபதி கோர்ட்டுப் படி ஏறியதே இல்லை. கைக்கடிகாரங்களுக்குத் தீர்ப்பு எழுதுவதுதான் அவர் பிழைப்பு. அதுவும் சாவி கொடுத்தால் ஓடுகிற, பேட்டரி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற, விலையைச் சொன்னால் கேட்பவர் உட்கார இடம் தேடுகிற ரகத்துக்கு மட்டும். பதினோரு வருடமாக எழுதுகிறார், வீடியோ போடுகிறார். நீதிபதி என்ற பட்டம் அவருடைய வாசகர்கள் கொடுத்தது. அவர் அதை வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார், அதுவும் மெதுவாக.

அந்த வாசகர்கள் நாற்பதாயிரம் பேர். முந்நூறு மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாத வாட்சை வாங்கிவிட்டு, கை கழுவும்போது அதைக் கழற்றி வைக்கிறவர்கள். முகப்பின் நீலம் போதுமான நீலம்தானா என்று மூன்று வாரம் சண்டை போடுவார்கள். மணி பார்க்க மட்டும் செல்போனை எடுப்பார்கள். நீதிபதி ‘வாங்கலாம்’ என்று எழுதினால் வாங்குவார்கள். ‘யோசிக்கலாம்’ என்று எழுதினால் அந்த வாட்சின் கதை அதோடு முடிந்தது.

இந்த முறை அவர் மேஜைக்கு வந்திருந்தது பெரிய கம்பெனி வாட்ச் இல்லை. ஒரு பெண், தன் வீட்டுப் பின்னறையில் தனியாக உட்கார்ந்து செய்தது. ஒன்பது வருடம் ஒரு பட்டறையில் பிறர் வாட்சுகளைப் பழுது பார்த்துவிட்டு, வேலையை விட்டு, இரண்டு வருடத்தில் பன்னிரண்டு வாட்ச் செய்திருந்தாள். தேதி, கிழமை, மாதம் மூன்றையும் காட்டும் இயந்திரம் அவள் சொந்தக் கற்பனை. அதில் பதினொன்றை வாங்க ஆட்கள் சொல்லிவைத்தாகிவிட்டது. ஆனால் பதினோரு பேரும் நீதிபதி வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவதை அவள் பஞ்சில் பொதிந்து அவருக்கு அனுப்பியிருந்தாள்.

வாட்சைப் படம் பிடிக்க ஒரு சம்பிரதாயம் உண்டு. முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்த வேண்டும். அப்போதுதான் முட்கள் இரண்டும் கை விரித்த மாதிரி நிற்கும், நடுவில் செய்தவர் பெயர் மறையாமல் தெரியும். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் வாட்சுக்கு எப்போதும் பத்து பத்துதான். அது காலைப் பத்தா, இரவுப் பத்தா என்று முகப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வாட்சுக்கு மட்டும் தெரியும்.

தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை மூன்று வரை, தேதியை நகர்த்தும் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில், தேதியைக் கையால் மாற்றும் பொத்தானை அழுத்தினால் பல் போய்விடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் வாட்சுக்குள் இரவு என்றால் இரவுதான். அதனால் முதலில் முள்ளைப் பன்னிரண்டைத் தாண்டிச் சுற்றி, தேதி மாறுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். நீதிபதி இதை வீடியோவுக்கு ஒரு முறை தவறாமல் சொல்வார்.

வாட்ச் வந்த நான்காம் நாள், மதியம் இரண்டரை மணிக்கு ஜன்னல் ஓரம் வெளிச்சம் நன்றாக விழுந்தது. கேமராவைப் பிடித்திருந்தது அவர் மனைவி. அவளுக்கு மருந்துக் கடையில் வேலை.

“என்னங்க, மூணு மணிக்கு நான் கடையில இருக்கணும். சட்டுபுட்டுன்னு தீர்ப்பைச் சொல்லுங்க.”

அந்த அவசரத்தில் அவர் முள்ளைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் பத்து பத்தில் நிறுத்தினார். பொத்தானை அழுத்தும் மரக்குச்சியை எடுத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

“ராத்திரி ஒன்பதுலேருந்து காலைல மூணு வரைக்கும் இந்தப் பொத்தான் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க. கை வெச்சீங்க, அப்புறம் உங்களைக் கடவுளாலயும் காப்பாத்த முடியாது” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பொத்தானை அழுத்தினார்.

நறுக்கென்று ஒரு சத்தம். பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் தேதி நின்றுவிட்டது.

“என்னங்க சத்தம்?”

“ஒண்ணுமில்ல. கேமராவை நிறுத்து.”

அவள் கடைக்கு ஓடினாள். அவர் மேஜை முன்னால் உட்கார்ந்து வியர்த்தார். பதினோரு வருடத்தில் அவர் கேலி செய்யாத தேதி உடைப்பாளர் கிடையாது. ‘புத்தியை லாக்கரில் வைத்துவிட்டு வாட்சைக் கையில் கட்டியவர்கள்’ என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். இப்போது தானே அந்த ரகம் என்று தெரிந்தால் நாற்பதாயிரம் பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அப்புறம் எந்தத் தீர்ப்பை யார் மதிப்பார்கள்? பயந்துவிட்டார், அதுதான் உண்மை. பயந்தவர் கணினியைத் திறந்து, ‘நான்காம் நாள் மதியம் தேதி சிக்கிக்கொண்டது’ என்று எழுதினார். எழுதியதை மூன்று தடவை படித்துப் பார்த்தார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

குறை எழுதுவதற்கு முன் செய்தவரிடம் சொல்லிவிடுவது அவர் வழக்கம். வழக்கத்தை விடக் கூடாதே என்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தார். பாருங்கள், இதில் மட்டும் ஒழுங்கு.

தேதி சிக்கிய விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

“வேற யாராவதா இருந்தா, நேரம் பாக்காம அமுக்கிட்டீங்களான்னு கேட்டிருப்பேன். உங்ககிட்ட அதைக் கேக்கறதே தப்பு சார். சூடு காட்டினப்போ பல்லு சரியா பதமாகல போல. மத்த பதினொண்ணையும் பிரிச்சுப் பாத்துடறேன்.”

“அவ்வளவு அவசரம் வேண்டாமேம்மா” என்றார் நீதிபதி.

“நீங்களே சொன்னப்புறம் என்ன சார் இருக்கு?”

மறுநாள் காலை மனைவிக்கு விடுமுறை. வீடியோவை வெட்டி ஒட்டுவதும் அவள் வேலைதான். காபியோடு உட்கார்ந்தவள், அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தாள். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். பிறகு அவர் எழுதியதைப் படித்தாள்.

“சிக்கிக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்களே, சிக்க வெச்சது யாரு?”

“எழுதினதுல பொய் எங்கயாவது இருக்கா, காட்டு.”

“ஆகா, நீதிபதி ஐயா! அந்தப் பொண்ணு என்ன சொன்னா?”

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிரித்துப் பார்த்தால் குறை இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும், திரும்ப மூடிவிடுவாள், யாருக்கும் நஷ்டமில்லை என்று விளக்கமும் கொடுத்தார்.

மனைவி காபியைக் கீழே வைத்தாள். “நான் கடையில தப்பான மாத்திரையைக் குடுத்துட்டு, மாத்திரை செஞ்சவன் சரியில்லன்னு சொன்னா, என்னைக் காறித் துப்புவீங்களா மாட்டீங்களா?”

அவள் போனை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

அந்தப் பெண் முதல் மணியிலேயே எடுத்தாள். நீதிபதி முன்னுரை எல்லாம் யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

“அம்மா, வாட்ச்ல குறை இல்ல. முள்ளைப் பத்து பத்துல வெச்சேன், உள்ள ராத்திரியான்னு பாக்கல. பொத்தானை நான்தான் அமுக்கினேன். உடைச்சது நான்.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“அப்போ பல்லு நல்லாத்தான் இருக்கா சார்?”

“நல்லா இருக்கும்மா. எல்லாம் நல்லா இருக்கு.”

“அப்பாடா!” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

“எத்தனை பிரிச்சீங்க?”

“மூணு. திரும்பப் பூட்ட ஒண்ணொண்ணுக்கும் நாலு நாள் ஆகும். பரவாயில்ல சார், செஞ்சுடுவேன்.” பிறகு கேட்டாள். “நேத்தே சொல்லியிருக்கலாமே சார்?”

“வெட்கமா இருந்துச்சும்மா.”

“எனக்கும் வெட்கமாத்தான் சார் இருந்துச்சு. இருந்தாலும் மறைக்கக் கூடாதுன்னு, நேத்தே பதினோரு பேருக்கும் போன் பண்ணி, என் வேலைல குறை இருக்கு, வேண்டாம்னா விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். நாலு பேர் வேண்டாம்னுட்டாங்க.”

நீதிபதிக்கு முகம் எரிந்தது. வீடியோவை வெட்டாமல் அப்படியே போடுகிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

“அந்தப் பதினோரு நம்பரையும் சொல்லுங்கம்மா” என்றார்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் குனிந்து எழுதிக்கொண்டார். வேண்டாம் என்ற நாலு பேரை முதலில் பிடித்தார். முதல் ஆள் குரலைக் கேட்டதுமே துள்ளிக் குதித்தார்.

“நீதிபதி சாரா! நீங்களா! சார், நல்ல வேளை தப்பிச்சேன். அந்தம்மா வாட்ச் நாலே நாள்ல புட்டுக்கிச்சாமே?”

“அது புட்டுக்கல. நான்தான் உடைச்சேன்” என்றார். எப்படி உடைத்தார் என்பதை, பத்து மணி பத்து நிமிடம் உட்பட, ஒன்று விடாமல் சொன்னார்.

அந்த ஆள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்க வெகு நேரம் ஆயிற்று. நீதிபதி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அதை முழுக்கக் கேட்டார். இன்னும் பத்துப் பேர் பாக்கி இருந்தார்கள்.