மேல் பட்டன்

"கொஞ்சம் நிமிருங்கப்பா" என்று சொல்லி, அவள் அப்பாவின் சட்டையில் மேல் பட்டனைக் கழற்றினாள்.

அந்தப் பட்டன் கழன்று தெருவில் யாரும் பார்த்ததில்லை. வெயிலடித்தாலும் மழை கொட்டினாலும் மனுஷர் கழுத்துவரை பட்டன் போட்டுத்தான் இருப்பார். தானியக் கடை வைத்திருந்த காலத்தில் குண்டுமணி கூடவும் தரமாட்டார், குறையவும் தரமாட்டார். அதனால் ஊர் வைத்த பெயர் தராசு. கடையை மூடிப் பல வருஷமாகியும் பெயரை மட்டும் யாரும் மூடவில்லை.

இஞ்ச் டேப்பை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். தையல் மிஷினிலேயே தலை நரைத்தவள் அவள். எத்தனையோ கழுத்தை அளந்த கை அது.

சட்டை அப்பாவுக்கு இல்லை. நாளை விடிகாலையில் அவள் மகனைத் தூக்கில் போடப்போகிறார்கள். காலையில்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நடுவில் கண்ணாடி. "அம்மா, நாளைக்கு எனக்கு ஒரு சட்ட கொண்டு வா. காலர் மட்டும் ஒசரமா வச்சுத் தை. கழுத்த நீ பாத்து பயப்படக்கூடாதுல்ல" என்றான், என்னவோ கல்யாணத்துக்குத் துணி எடுக்கச் சொல்கிற மாதிரி. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எப்படி அளவெடுப்பது? அதற்கும் அவனே வழி சொன்னான். "தாத்தாவ அளந்துக்கோ. நான் அவர் அச்சுதானே." எழுந்து போகும்போது திரும்பி, "தாத்தாவ ஒருதரம் வரச் சொல்லும்மா" என்றான்.

"சாயங்காலம் வரைக்கும் பாக்க விடுவாங்களாம்பா" என்றாள் இப்போது.

அப்பா மோவாயை உயர்த்திக் கொடுத்தார்.

"உங்களத்தான் கேட்டான்."

"அளவெடு" என்றார்.

இவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொன்னால் சொன்ன நாக்கு அழுகிப்போகும். கழுத்தில் தாலி ஏறுமுன் அவள் வயிற்றில் வந்தவன் அந்தப் பிள்ளை. வாக்குக் கொடுத்தவன் கம்பி நீட்டிவிட்டான். கலைத்துவிடலாம் என்று அவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது, அப்பா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அடிக்கவில்லை, வையவில்லை. "உசுர நாம குடுக்கல. எடுக்க நாம யாரு?" என்று கேட்டார். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சொந்தக்காரர்கள் வாசற்படி மிதிப்பதை நிறுத்தினார்கள். அப்பா அசரவில்லை. பிள்ளை பிறந்து வெகுநாள் வரை அதைத் தூக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தூக்கியவர் அவர்தான். ஒரு தோளில் பேரனைப் போட்டுக்கொண்டு, மறு கையால் தராசு பிடித்தார். பிறகு எப்போது என்று சொல்லத் தெரியாமல் அவளும் அவன்மேல் உயிரையே வைத்துவிட்டாள்.

வளர்ந்தவன் ஒரு கிடங்கில் திருடப் போனான். காவலுக்கு இருந்த கிழவன் முழித்துக்கொண்டான். கையில் கிடைத்த இரும்புக் கம்பியால் இவன் அடித்தான். கிழவன் அங்கேயே போய்விட்டான். கருணை மனுவை எடுத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் நின்றபோது, "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்று பேனாவைத் தள்ளிவிட்டார். அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கயிறு அறுந்துவிடுமா, தெரியாது. அவர் போடவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?"

"இருக்கு."

"எடுக்க நாம யாருன்னீங்க."

"அது ஒண்ணும் அறியாத உசுரு. இவன் அப்படியா? வயித்துப் பாட்டுக்குக் காவல் காத்த கெழவன அடிச்சுக் கொன்னவன். அந்தாளு பொண்ணு கோர்ட்டுல என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவளுக்கு என்கிட்டயும் பதில் இல்லப்பா."

"அப்புறம் என்ன?" என்றவர், அவரே ஆரம்பித்தார். "அன்னிக்கு எடுத்துடலாம்னு போனவ நீ. இன்னிக்கு எடுக்கக்கூடாதுன்னு அழறவளும் நீ. என்னப் போயி நாக்கு பெரண்டவன்ங்கற."

சுருக்கென்றது அவளுக்கு. பொய்யில்லையே. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவள்தானே.

"ஆமாப்பா, நான் மாறிட்டேன். மாறலன்னு சொல்லல. அன்னிக்கு அவன் மொகம் எனக்குத் தெரியாது. உங்களுக்கும்தான் தெரியாது. தெரியாத மொகத்துக்காக ஊரையே பகைச்சுக்கிட்டீங்க. தூக்கி வளத்த மொகத்துக்கு ஒரு கையெழுத்து போடல."

அப்பா சுவரைப் பார்த்தார். "ரெண்டு தடவையும் நான் ஒண்ணத்தான் சொன்னேன். உசுரு பெரிசு. கெழவனோடதும் உசுருதான்."

அந்தப் பேச்சில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. இருக்கட்டுமே. தேடிக் கண்டுபிடித்து என்ன செய்ய? வாதத்தில் ஜெயித்தால் பிள்ளையைத் திருப்பித் தருவார்களா? டேப்புக்கும் கழுத்துக்கும் நடுவில், எல்லாருக்கும் வைப்பதுபோல ஒரு விரலை நுழைத்து அளவைப் பார்த்தாள்.

"ரெண்டு விரல் விடு" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"ஒரு விரல் பத்தாது. மேல் பட்டன் போட்டா அவனுக்கு மூச்சு முட்டும். பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பும்போதெல்லாம் ஒரே அழுகதான். நாந்தான் தெருமுனை தாண்டினதும் கழட்டி வுடுவேன், வாத்தியார் பாக்கறதுக்குள்ள திரும்ப..."

அதோடு நின்றுவிட்டார். டேப் இன்னும் அவர் கழுத்தில்தான் இருந்தது. தன் விரலுக்கடியில் அவர் எச்சில் விழுங்குவது அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது விரலையும் நுழைத்தாள். அளவைப் பார்த்துச் சாக்கட்டியால் துணியில் குறித்தாள்.

"இப்ப கெளம்பினாக்கூடப் போயிடலாம்பா."

"நீ தை" என்றார். "நேரமாகுது."

வெளிர்நீலத் துணி. காலருக்குள் வைக்கும் கான்வாஸை இரண்டு மடிப்பாக வைத்தாள், துவளாமல் நிற்கவேண்டும் என்று. தையல் கடையில் பட்டன்துளை தைத்துத் தரும் காஜாக்கா சேதி தெரிந்து வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடு, காஜாவ நான் போடறேன். உன் கை ஆடுது."

"வேண்டாங்க்கா. ஆடினா ஆடட்டும்."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். வளர்த்த மனம் எதில் சேர்த்தி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அப்பா அந்த முக்காலியை விட்டு நகரவில்லை. மிஷின் ஓடும்போது மிஷினைப் பார்த்தார், நின்றபோது வாசலைப் பார்த்தார். தெருவிளக்கு எரிந்தது. பார்வை நேரம் முடிந்துபோயிற்று. அவள் மறுபடி கூப்பிடவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை.

காலையில் சிறைக்குக் காஜாக்காதான் துணைக்கு வந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. ஒரு காவலர் அவர்களைப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனார். என்ன பேசுவதென்று தெரியாமல், அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்து, "நல்லா தச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

எத்தனையோ வருஷம் கழித்து அவனைத் தொட்டாள். மாட்டிவிட்ட சட்டை தோள்பட்டையில் தொளதொளத்தது. ஜெயிலுக்குள் கிடந்து இளைத்துப்போயிருக்கிறான், கண்ணாடியில் அது தெரியவில்லை. கழுத்து மட்டும் அச்சு அசல் அப்பா அளவு. கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டு வந்தவள், மேல் பட்டனில் நின்றாள். மூச்சு முட்டுமே. விரல் அதற்குமேல் போகமாட்டேன் என்றது. காஜாக்கா முதுகைத் தொட்டாள். அவள் பட்டனைப் போட்டாள். தெரியக்கூடாதது எதுவும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அப்பா அதே முக்காலியில் இருந்தார். நேற்று காஜாக்கா போட்டுக் கொடுத்த டீ ஆடை படர்ந்து பக்கத்தில் இருந்தது.

"கழுத்து சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுப்பா. உங்க அளவுதானே."

தலையாட்டினார். ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்துவிட்டு, "மேல் பட்டன்?" என்றார்.

"போட்டேன்."

அவர் சட்டையில் நேற்று அவள் கழற்றிய பட்டன் இன்னும் கழன்றே இருந்தது. அவள் துடைப்பத்தை எடுத்து, மிஷினுக்கடியில் கிடந்த நீலத் துணுக்குகளைப் பெருக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் வந்ததும் அப்பா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.