முதல் வரியிலிருந்து

அந்தக் குரலைக் கேட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கேட்ட மாத்திரத்தில் அவன் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலைக் கிளப்பியது. மனசு மறந்தாலும் முதுகு மறக்கவில்லை.

பல் ஆஸ்பத்திரியின் பின்னால், ஜெனரேட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த அறையில் அவன் பல் கட்டுகிறான். டாக்டரம்மா பகலில் நோயாளியின் வாயில் அச்செடுத்து வைப்பார். ராத்திரி அவன் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வார்த்து, பல்லைப் பதித்து, காலையில் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவான். ராவுகிற சத்தமும் பறக்கிற தூசியும் பகலில் ஆகாது என்பதால் இந்த ஏற்பாடு. அவனுக்கும் அதுதான் வசதி. பிளாஸ்டர் வாய்கள் பேசாது. பதிலும் கேட்காது.

அன்று சாயங்காலம் வேலைக்கு நுழைந்தபோது கவுன்ட்டர் முன்னால் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த குடை, பக்கத்தில் மகள். வாயில் ஒரு பல்கூட இல்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

"செவ்வாக்கெளமை வாங்க தாத்தா" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"கிழமை. செவ்வாய்க்கிழமை. எங்க, சொல்லு. உச்சரிப்பு, உச்சரிப்பு."

அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"பாத்தீங்களாண்ணே" என்றாள் அவள். "வாயில ஒத்தப் பல்லு கிடையாது, எனக்கு வகுப்பு எடுத்துட்டுப் போறார். ரிட்டயர்டு வாத்தியாராம்."

அவன் பின்னறைக்கு நடந்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் போவது அங்கே யாருக்கும் புதிதில்லை.

உச்சரிப்பு. அதுதான் பையன்கள் அந்தத் தமிழ் வாத்தியாருக்கு வைத்திருந்த பெயர். அவனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் தார் டின். அவன் நாக்கில் 'ச' நிற்காது. 'த' என்று வழுக்கிவிடும். சார் என்றால் தார். சைக்கிள் என்றால் தைக்கிள். சின்ன வயதில் வீட்டில் அதைக் கொஞ்சினார்கள். ஒன்பதாம் வகுப்பில் உச்சரிப்பு வந்து சேர்ந்தார்.

மத்தியானக் கடைசிப் பாடவேளை அவருடையது. கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி நிற்க வைப்பார். பாடத்தை வாசிக்க வேண்டும். ஒரு எழுத்து வழுக்கினால், "முதல் வரியிலிருந்து" என்பார். அடித்ததே இல்லை. திட்டியதும் இல்லை. அவர் வைத்திருந்த சட்டம் வேறு: அவன் பக்கத்தை முடிக்கும்வரை வகுப்பில் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. மணி அடிக்கும். பக்கத்து வகுப்புகள் ஹோவென்று கிளம்பிப் போகும். மைதானத்தில் பந்து உதைக்கிற சத்தம் கேட்கும். இங்கே நாற்பது பேர் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடி, "நான் என்னப்பா செய்யட்டும், உங்க நண்பன் மனசு வெக்கணுமே" என்பார்.

நண்பர்கள் சைக்கிள் ஷெட்டில் காத்திருந்து கவனித்துக்கொண்டார்கள். பஸ் போய்விட்டது, டியூஷன் போய்விட்டது என்று ஆளுக்கொரு கணக்கு அவன் முதுகில் தீர்ந்தது. பந்து விளையாட யாரும் சேர்க்கவில்லை. உச்சரிப்பு ஒரு விரல்கூடத் தூக்காமல் ஒரு வகுப்பையே அவன்மேல் ஏவிவிட்டார்.

பத்தாம் வகுப்பில் ஒரு நாள் அவன் எழுந்து போய் நின்றான். புத்தகத்தைப் பிரித்தான். வாயைத் திறக்கவில்லை. "ம்" என்றார் வாத்தியார். அவன் நின்றான். மணி அடித்தது. வெளிச்சம் மங்கி, வாட்ச்மேன் வந்து ஜன்னலைச் சாத்தத் தொடங்கினார். கடைசியில் வாத்தியார்தான் நாற்காலியை நகர்த்தினார். அவன் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான். பை பெஞ்சிலேயே கிடந்தது. எடுக்கப் போகவில்லை. அப்பா ஒரு வாரம் கத்திப் பார்த்துவிட்டு, பல் கட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் கொண்டுபோய் விட்டார்.

அதற்கப்புறம் அவன் 'ச' இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டான். சரி என்பதற்கு ஆகட்டும். சாப்பிட்டேன் என்பதற்கு ஆயிட்டுது. தெரியாதவர்கள் அவனை அழுத்தக்காரன் என்றார்கள். தங்கச்சியிடம் மட்டும்தான் நாக்கை அவிழ்த்துவிடுவான். அவளும் அதே பள்ளியில் இரண்டு வகுப்பு கீழே படித்தவள்.

மறுநாள் காலை அவள் போட்டுக்கொடுத்த காப்பியைக் குடித்தபடி சொன்னான்: "உத்தரிப்பு வந்திருக்கான். பல்லு கட்ட."

"அந்த ஆளா? இன்னும் இருக்காரா?" அவள் அடுப்பைத் தணித்தாள். "ஓ, அதான். ஸ்கூல் பொன்விழாவுல அவர்தாண்ணே பேசப் போறார். என் பொண்ணு வகுப்புல நோட்டீஸ் குடுத்தாங்க. ஊரே கூடுது."

"பேதட்டும்" என்றான். "நல்லாப் பேதட்டும்."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, ஏடாகூடமா எதையாவது பண்ணி வைக்காதே. டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். இந்த ஊர்ல வேற எவன் உன்னை வெச்சுக்குவான்?"

"போனாப் போகுது."

"போனாப் போகுதாம். மாடி ரூம்ல உக்காந்து எனக்கா பல்லு கட்டுவே?"

அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத் தூங்கப் போனான். தூக்கம் வரவில்லை.

பல் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல்வரிசை முன்பற்களை ஒரு நூலளவு உள்ளே தள்ளி, அதற்குப் பின்னால் மெழுகைக் கொஞ்சம் தடிப்பாக விட்டால் போதும். நாக்குக்கு இடம் பத்தாது. காற்று சீறிக்கொண்டு போக வழியில்லாமல் 'ச' எல்லாம் 'த' ஆகிவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. புதுப் பல் போட்ட யாருக்கும் முதலில் கொஞ்சம் நாக்குத் தடுமாறும் என்பதால் டாக்டருக்கும் சந்தேகம் வராது. சித்தப்பா இந்தத் தப்பைச் செய்யாதே என்று சொல்லிக்கொடுத்திருந்தார். செய்வது எப்படி என்பதும் அதிலேயே இருந்தது.

பிளாஸ்டரில் வார்த்த உச்சரிப்பின் வாயை முன்னால் வைத்துக்கொண்டு, அவன் அந்தத் தப்பை எந்த வேலையிலும் காட்டாத அக்கறையோடு செய்தான்.

செவ்வாய்க்கிழமை காலை வேலை முடிந்தும் கிளம்பவில்லை. மெழுகில் பதித்த பல்லை நோயாளி போட்டுப் பார்க்கும் நாள் அது. சிகிச்சை அறையை ஒட்டிய தடுப்புக்குப் பின்னால் எதையோ துடைப்பதுபோல் நின்றான். வாத்தியார் நாற்காலியில் சாய்ந்திருந்தார். டாக்டரம்மா பல்லைப் பொருத்திக் கண்ணாடியைக் கொடுத்தார்.

"தபையோருக்கு வணக்கம்" என்றார் வாத்தியார். நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "தபையோருக்கு."

கவுன்ட்டர் பெண் ஃபைலால் வாயை மூடிக்கொண்டாள்.

"பழகிடும் சார்" என்றார் டாக்டரம்மா. "தினமும் சத்தமாப் படிங்க."

"எனக்கே தொல்றீங்களா? நான் எத்தனை பேரை வாதிக்க வெத்தவன். ஒரு பையன் இருந்தான். அவனுக்கு 'த' வராது."

"'த'வா?"

"'த' இல்லம்மா. 'த'."

கவுன்ட்டர் பெண் எழுந்து வெளியே ஓடினாள். தடுப்புக்குப் பின்னால் நின்றவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் நாலு வாக்கியம் பேசட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டான்.

வாத்தியார் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பொக்கை வாயால் கதையைத் தொடர்ந்தார். "தினமும் எல்லாருக்கும் முன்னால நிக்க வெச்சேன். பசங்களும் அவனுக்காகப் பொறுமையா உக்காந்திருப்பாங்க. அவ்வளவு ஒத்துமை அந்த கிளாஸ்ல. சரியாப் போச்சு. அவன் கடைசியா வந்த அன்னிக்கு, நம்புவீங்களோ மாட்டீங்களோ, அவன் வாயிலேர்ந்து ஒரு தப்பு வரல. இப்ப எங்கயாவது பெரிய ஆபீசரா இருப்பான். விழாவுல இதைத்தான் சொல்லப் போறேன்."

"பெரிய விஷயம் சார்" என்றார் டாக்டரம்மா.

தப்பு வரவில்லைதான். வாய் திறந்தால்தானே தப்பு வரும்.

அவன் பின்னறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். வாத்தியார் ஒரு கெட்டவனாக இருந்து அவனை மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறக்கவில்லை. ஒரு பரிசுக் கோப்பையைப்போல அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறார். அவன் தொலைத்த பள்ளிக்கூடம், வாங்கிய அடி, விழுங்கிய பேச்சு எல்லாம் அவருக்கு மேடையில் கைதட்டல் வாங்கித் தரப்போகிற கதை.

அப்போதுதான் தன் வேலையில் இருந்த ஓட்டை அவனுக்குத் தெரிந்தது. இந்தப் பல்லோடு அவர் மேடையேறினால் என்ன ஆகும்? 'பாவம், புதுப் பல்லு' என்பார்கள். நாலு பேர் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். பழி பல்லின்மேல் போய்விடும். அவனுக்கு அப்படி ஒரு பல் கிடைத்ததா, பழியைப் போட?

அன்று வீட்டுக்குப் போகாமல், திரும்பி வந்த மெழுகுப் பல்லைப் பிரித்தான். முன்பற்களைச் சூடுகாட்டி எடுத்து வெளியே நகர்த்தினான். தடித்த மெழுகைச் சுரண்டி எறிந்தான். ராத்திரி மெழுகை அக்ரிலிக் பிளாஸ்டிக்காக மாற்றி, வேகவைத்து, ராவி, மெருகேற்றினான். அவன் கையால் அதைவிட நல்ல பல் அதுவரை வந்ததில்லை.

விழாவுக்கு முந்தின நாள் காலை வாத்தியார் பல்லைப் போட்டுக்கொண்டு பேச்சு முழுவதையும் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்து வழுக்கவில்லை. முகம் பத்து வயது குறைந்துவிட்டது.

"இதைக் கட்டின கைக்கு ஒரு வணக்கம் சொல்லணும்" என்றார்.

"பின்னால இருக்கார் சார், இன்னும் கிளம்பலை, போய்ப் பாருங்க. ஆனா பேச மாட்டார்" என்று டாக்டரம்மா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வாத்தியார் மகளை உட்காரச் சொல்லிவிட்டுக் குடையோடு பின்னறைக்கு வந்தார். அவன் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"நல்லா இருப்பீங்க தம்பி. கைராசிக்காரர்னு சொன்னாங்க."

"தரியா இருக்கா, தார்?" என்றான் அவன்.

வாத்தியார் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"நீ..."

"பெரிய ஆபீதர் தார். உங்க புண்ணியம்."

"தம்பி, நான் உன் நல்லதுக்குத்தான்..."

"போன வாட்டி உங்க வாயில 'த' வந்துதே, அது தானா வரல. நான் வெத்தேன். இப்ப எடுத்துட்டேன்." அவன் ராவுகிற மெஷினின் தூசியைத் துணியால் ஒற்றினான். "எடுத்தேனா, இல்ல மைக் முன்னால போனா நழுவற மாதிரி வெத்தேனான்னு நாளைக்குப் பாருங்க."

வாத்தியாரின் நாக்கு பல்லுக்குப் பின்னால் மெல்ல ஊர்வது உதட்டின்மேல் தெரிந்தது. "டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்" என்றார். எல்லா எழுத்தும் சுத்தமாக வந்தது.

"தொல்லுங்க. பல்லு நல்லா இருக்குன்னு அவங்க தொல்வாங்க. ஏன் இப்படிப் பண்ணினான்னும் கேப்பாங்க. அதையும் முதல் வரியிலேர்ந்து தொல்லுங்க."

வாத்தியார் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். முன்னறையில் மகள் "அப்பா, போகலாமா?" என்று கூப்பிட்டாள். டாக்டரம்மாவைத் தாண்டிப் போகும்போது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

விழா பள்ளி மைதானத்தில் காலையிலேயே தொடங்கியது. சாமியானாவின் நிழல் பெரியவர்களுக்கு; பிள்ளைகள் வெயிலில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். அவன் சைக்கிள் ஷெட் தூணில் சாய்ந்து நின்றான். தங்கச்சி பக்கத்தில் நின்று புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள்.

உச்சரிப்பின் பெயரைச் சொன்னதும் பழைய மாணவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். ஷெட்டில் அவனை மிதித்தவர்களும் அதில் இருந்தார்கள், தொந்தியும் வழுக்கையுமாக. வாத்தியார் மைக்கின் முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். முதல் வார்த்தை 'சபையோருக்கு'. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாக்கு பல்லுக்குப் பின்னால் போய்த் தடவிப் பார்த்தது. கூட்டத்தைத் துழாவிய கண்கள் ஷெட்டில் வந்து நின்றன. அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார்.

கைதட்டல் ஒருமுறை மறுபடி எழுந்து அடங்கியது. ஹெட்மாஸ்டர் மைக்கின் உயரத்தைச் சரிசெய்தார். தண்ணீர் வந்தது. வாத்தியார் குடிக்கவில்லை. அந்தப் பேச்சு முடிந்தால்தான் பிள்ளைகளை வீட்டுக்கு விடுவார்கள். வெயிலில் பையன்கள் நெளிய ஆரம்பித்தார்கள். "என்னடா இந்தக் கிழவன், பேசித் தொலைச்சா என்ன" என்று ஷெட்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்த ஒருவன் பல்லைக் கடித்தான். பெரியவர்கள் கடிகாரம் பார்த்தார்கள். மகள் மேடையேறி அவர் தோளைத் தொட்டாள்.

"பாவம்ணே" என்றாள் தங்கச்சி. சொல்லிவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏன், பல்லு சரியா அமையலையா?"

"பல்லுல ஒரு குறையும் இல்ல" என்றான் அவன்.

"அப்புறம் வாயைத் திறக்கறதுக்கென்ன அவருக்கு?"

"அதைத்தான் என்கிட்டயும் எல்லாரும் கேட்டீங்க."

மேடையில் வாத்தியார் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கு அவசரமில்லை. வேலைக்குப் போக ராத்திரிவரை நேரம் இருந்தது.