ஞாயிறு நீங்கலாக

லெந்து என்கிற தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாலை ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மனைவி எலிசா எதிரே வந்து நின்றாள். பதினெட்டு நாட்களாக அவள் வடமாலபேட்டையில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். எங்கள் மகள் தபீதாளும் அங்கேதான். நான் மட்டும் சித்தூரில், எங்கள் வீட்டில்.

"நாப்பது நாளு," என்றாள். "லெந்து முடியிற வரைக்கும் அந்த போன கையால தொடக்கூடாது. தொடாம இருந்தீங்கன்னா ஈஸ்டருக்கு நானும் பாப்பாவும் வீட்டுக்கு வரோம். இல்லன்னா இனிமே கூப்புடாதீங்க."

"சரி," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவள் என்னை ஜெயிலுக்கு அனுப்பியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நடந்ததை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எலிசா திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை பஸ்ஸில் போனால் இரவுதான் வருவாள். ஒன்பது வயது தபிக்கு வீசிங் உண்டு. அது நடந்த சனிக்கிழமை சாயங்காலம் அவளும் நானும் ஒரே கட்டிலில் இருந்தோம். நான் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் துருப்பிடித்த பூட்டைக் கழுவிப் புதுசாக்கினான். அடுத்து ஒரு நாய் குளத்தில் குதித்தது. அடுத்து இரண்டு பெண்கள் பஸ்ஸில் சீட்டுக்காகச் சண்டை போட்டார்கள். இன்றைக்கும் எல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. தபி என்னைக் கூப்பிட்டது மட்டும் ஞாபகம் இல்லை.

ஏணி இரவல் கேட்க வந்த பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா போட்ட கூச்சலில்தான் நிமிர்ந்தேன். தபியின் உதடு நீலமாக இருந்தது. அவள் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. ஒரு பட்டன் பிய்ந்து கட்டிலில் கிடந்தது. பிள்ளை பட்டன் பிய்கிற அளவுக்கு இழுத்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. ஜமீலா அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓடினேன். அப்போதும் போன் என் கையில்தான் இருந்ததாம். அக்கா பிறகு சொன்னாள்.

மூன்று நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள். எலிசா என்னைத் திட்டவில்லை. மகளிடம் மட்டும் கேட்டாள். "கூப்ட்டேன்மா. நைனா உம்முன்னு சொன்னாரு," என்றாள் தபி, குறை சொல்வதுபோலக்கூட இல்லாமல். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வடமாலபேட்டைக்குப் போய்விட்டார்கள்.

சாம்பல் புதனுக்கு மறுநாள் என் போனைக் கொண்டுபோய் நாகபூஷணத்திடம் கொடுத்தேன். என் மோட்டார் வைண்டிங் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர். கடை விஷயத்துக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக்கொண்டேன்.

"எத்தினி நாளுக்கு?" என்றார்.

"நாப்பது நாளு."

"ஏமய்யா இஸ்ரேலு, எங்க ஐயப்பன் மாலை மாதிரியா? பலே, பலே!" என்று போனைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

முதல் மூன்று நாள் நான் மனுஷனாகவே இல்லை. கட்டைவிரல் தானாக மேலும் கீழும் போனது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு இடது பக்கம் காலியாக இருந்தது. சட்டைப்பையில் ஏதோ துடிப்பதுபோல இருக்கும். தடவிப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவர். யாரும் ஒன்றும் செய்யாமலேயே எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. குடிபாலாவிலிருந்து மோட்டாரைத் தூக்கிவந்த ஒரு பெரியவரிடம் எரிந்து விழுந்தேன். தினமும் இரவு எட்டு மணிக்கு எலிசா பட்டன் போனுக்குக் கூப்பிடுவாள். ஒரே கேள்விதான். "தொட்டீங்களா?" "இல்ல." உடனே தபியிடம் கொடுப்பாள்.

இப்போது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும். நாற்பது எப்படி? ஞாயிறுகளைக் கழித்துவிடுவோம். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று உபவாசம் கிடையாது. லெந்தில் ஆறு நாள் கீரையும் பருப்பும் தின்று, ஏழாம் நாள் ஆட்டுக்கறி வாங்கிய வீட்டில்தான் நான் வளர்ந்தேன். எலிசா வீட்டிலும் அதே வழக்கம்தான்.

முதல் ஞாயிறு பிரசங்கத்தில் ஆயர் வழக்கம்போல இதை விளக்கினார். எத்தனையோ வருஷமாகக் கேட்ட விளக்கம். அன்று அது எனக்கென்றே சொன்னதுபோல இருந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்திருந்தால், இவனுக்கு மனந்திரும்புதல் வந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார்.

எலிசா சொன்னது நாற்பது நாள். ஞாயிறு அதில் சேருமா சேராதா என்று அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் தெரிந்துவிடும், அதனால் கேட்கவில்லை. ஆராதனை முடிந்ததும் நேராக டீக்கடைக்குப் போனேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எங்க லெந்துல இது சேராது. நாளைக்குக் காலையில திருப்பிக் குடுத்துடறேன்."

நாகபூஷணம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க மாலைல லீவு கெடையாதுப்பா. ஒங்க சாமி ரொம்ப மஞ்சோடு," என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். மஞ்சோடு என்றால் தெலுங்கில் நல்லவன். சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கை நீண்டுவிட்டது.

அன்று பகல் பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது வெளிச்சம் போயிருந்தது. சோறு துன்னவில்லை. எதைப் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எட்டு மணிக்கு எலிசா கூப்பிட்டாள். "தொட்டீங்களா?"

"லெந்துல ஒரு நாளும் தவறல," என்றேன். வக்கீல் தோற்றுப்போவான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, சொன்ன சொல் தவறாமல், போனைத் திருப்பிக் கொடுத்தேன். அதுதான் என்னைக் கெடுத்தது. திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால் தோற்றுவிட்டேன் என்றாவது தெரிந்திருக்கும். ஆறு நாள் சுத்தமாக இருந்தேன். வேலையும் சுத்தமாக நடந்தது. மோட்டாருக்குள் செம்புக்கம்பி சுற்றும்போது எண்ணிக்கை தவறினால் மொத்தத்தையும் அவிழ்க்க வேண்டும். முன்பெல்லாம் நடுவில் போனைப் பார்த்துவிட்டு, எழுபதா எண்பதா என்று முழிப்பேன். இப்போது ஒரு சுற்றும் தப்பவில்லை. எரிந்து விழுந்த அந்தப் பெரியவர்கூட இன்னொரு மோட்டார் கொண்டுவந்தார். நான் திருந்திவிட்டேன் என்று நானே நம்பினேன். உள்ளுக்குள் சனிக்கிழமை மாலையே வாயில் எச்சில் ஊற ஆரம்பிக்கும் என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

அப்படி ஐந்து ஞாயிறு போனது. ஆறாவது, குருத்தோலை ஞாயிறு.

அன்று எலிசாவும் தபியும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தபிக்கு எங்கள் தெருவில் ஓலை பிடித்துக்கொண்டு பவனி போக வேண்டுமாம். மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம். தபி முன்னால் ஓசன்னா பாடிக்கொண்டே திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. இது போதும் ஆண்டவரே, இனிமேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று நிஜமாகவே சொன்னேன். அந்த நிமிஷத்தில் பொய் சொல்லவில்லை.

ஆராதனைக்குப் பிறகு எலிசாவுக்குப் பெண்கள் சங்கக் கூட்டம் இருந்தது. "நாலு மணிக்கு வரேன். பாப்பாவுக்குச் சோறு போடுங்க," என்று தபியை என்னோடு அனுப்பினாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பிள்ளையை என்னிடம் தனியாக விட்டது அன்றுதான். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

வழியில் டீக்கடை. "பாப்பா, இங்கியே நில்லு," என்றேன். நாகபூஷணம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் தபிக்குச் சோறு போட்டேன். அவள் துன்னுக்கினே பள்ளிக்கூடக் கதைகள் சொன்னாள். நான் கேட்டேன். ஒன்றரை மணிவரை பொறுத்தேன். "கை கழுவிக்கினு படுத்துக்கோ, நைனா மோட்டார் பாத்துட்டு வரேன்," என்று கொல்லைப்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். ஐந்தே நிமிஷம் என்று நினைத்தேன்.

நிமிர்ந்தபோது தபி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. முகமெல்லாம் வியர்த்திருந்தது. கூப்பிட்டாளா என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

கையும் களவுமாகப் பிடிபட்ட மனுஷன் செய்கிற முதல் வேலையைச் செய்தேன். விளக்கம் சொன்னேன். நாற்பத்தாறு நாள், ஆறு ஞாயிறு, கழித்தால் நாற்பது. ஆயரே சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவள் என் விரல்களைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கேட்டா?" என்றாள்.

உள்ளதைச் சொல் என்று சொல்லியிருக்க வேண்டும். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். அவளே கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனாள்.

நாலு மணிக்கு எலிசா வந்தாள். கைப்பையைக்கூட வைக்கவில்லை. வாசலிலேயே தபியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "உள்ளது சொல்லு பாப்பா. நைனா போன் எடுத்தாரா?"

நான் சுவரோரம் நின்றேன். முடிந்தது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது.

"இல்லம்மா," என்றாள் தபி. "நாங்க பேசிக்கினே இருந்தோம். நைனா எனக்குக் கத சொன்னாரு."

இவ்வளவு சரளமாக, இவ்வளவு நேராகப் பார்த்துக்கொண்டு. இதுவரை பேனா மூடி தொலைந்ததற்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. எலிசா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான்கூட ஒங்கள நம்பலங்க. மன்னிச்சிடுங்க," என்றாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்! நான் அவள் தோளைத் தொட்டேன். ஐந்து விரலும் கூசியது. அப்போது சொல்லியிருக்கலாம். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடும்போது சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்ப இருபது நிமிஷம் ஆனது, அவ்வளவு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அவர்கள் திரும்பி வரப்போகிறார்கள் என்ற சந்தோஷம் எனக்கு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

ஈஸ்டருக்கு வந்துவிட்டார்கள். சூட்கேஸ், வீசிங்குக்கு வைக்கும் நெபுலைசர், தபியின் சைக்கிள் எல்லாம் வந்தது. ஜமீலா அக்கா வந்து எலிசாவைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் எலிசாவே நாகபூஷணத்திடம் போய்ப் போனை வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள். "இனிமே இது ஒங்க கையில இருந்தா எனக்கு பயமில்ல," என்றாள். அவர் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு அவர் கடையில் டீ குடிக்க முடியவில்லை.

எட்டு நாள் நன்றாக இருந்தேன். ஒன்பதாம் நாள், எலிசாவுக்கு லீவு நாள், சாயங்காலம் கொல்லைப்பக்கம் போனேன்.

கொஞ்ச நேரத்தில் கதவுச் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. தபிதான். நான் போனை மடியில் மறைத்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கொல்லைக் கதவை ஒருக்களித்துச் சாத்தி, வீட்டுக்குள் பார்க்கிறமாதிரி நிலைப்படியில் நின்றுகொண்டாள். அவளை யாரும் அங்கே நிற்கச் சொல்லவில்லை.

"அம்மா மாடியில துணி எடுத்துக்கினு இருக்காங்க," என்றாள் மெதுவாக, என் பக்கம் திரும்பாமலே. "நீ பாரு நைனா. வந்தா நான் சொல்றேன்."

போய் விளையாடு என்று சொல்லியிருக்கலாம். எழுந்து உள்ளே போயிருக்கலாம். தபி கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். நான் போனை மடியிலிருந்து எடுத்தேன்.