முக்காட்டுக்கு மேல் ஒரு கண்ணாடி

பனியனில் ஓட்டை இருந்தது. மிளகு அளவுதான். ஆனால் கல்கத்தா வியாபாரி பார்த்துவிட்டார்; பத்ருன்னிசா பார்க்கவில்லை.

நல்லூரில் ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை என்றால் பத்ருன்னிசாதான். தைத்து வந்த பனியனுக்குள் கையை விடுவாள். விரல்களை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்புவாள். எங்கே இழை விட்டிருக்கிறதோ அங்கே போய்க் கண் நிற்கும். போன வருஷம் வரை அப்படித்தான்.

இப்போது விரலும் துணியும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. யாரிடமும் சொல்லவில்லை. செக்கிங்காரிக்குக் கண் மங்கிவிட்டது என்று தெரிந்தால் அந்த ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும். கணவன் இறந்தபின் அவள் வீட்டு அடுப்பை எரித்தது அந்த மேசைதான்.

ஒருத்திக்கு மட்டும் தெரியும். எதிர் ஸ்டூல் நஞ்சம்மாள். தன் குவியலை முடித்த கையோடு பத்ருவின் குவியலையும் சத்தமில்லாமல் இன்னொரு தடவை பார்த்துத் தள்ளுவாள். அவள் மடத்துக்குளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று அந்த மிளகு ஓட்டை தப்பிப் போய்விட்டது.

ஈஸ்வரமூர்த்தி பனியனை மேசைமேல் வைத்தார்.

"என்னங்கம்மா இது? வியாபாரிக்கு என்னுங்க பதில் சொல்றது?"

பத்ருன்னிசா வாயைத் திறக்குமுன் நஞ்சம்மாள் முந்திக்கொண்டாள்.

"அவளுக்குக் கண்ணாடி வேணுமுங்க மொதலாளி. போட்டுட்டா பழையபடி பாத்துருவா."

பத்ருன்னிசா மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். போச்சு, ரகசியம் போச்சு!

ஈஸ்வரமூர்த்தி மோவாயைத் தடவினார். "கண்ணாடி போட்டவங்கள வெச்சு செக்கிங் பாக்கறதா? நல்லா இருக்குதுங்க போங்க." பனியனை எடுத்து மறுபடி அந்த ஓட்டையைப் பார்த்தார். "சரி. சனிக்கிழமை சாயங்காலம் கல்கத்தா பண்டல் கட்டறோம். வியாபாரியே வந்து பிரிச்சுப் பாக்கறாராம். உங்க குவியல்ல ஒரு ஓட்டை இருந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே எந்திரிச்சுக்கங்க."

அவர் போனதும் பத்ருன்னிசா சீறினாள். "ஏண்டி சொன்னே?"

"நான் சாகற வரைக்கும் உங் குவியலையும் சேத்துப் பாக்கறதுக்கா? பஸ்ஸுக்குக் கிளம்பு புள்ள."

திருப்பூர் டவுனில் சனாவுல்லாவின் கண்ணாடிக் கடை. எழுத்து அட்டையைப் படிக்க வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பவரை முடிவு செய்துவிட்டார். கிட்டத்தில் பார்ப்பதற்கு மட்டும் கண்ணாடி போதும் என்றார். அதுவரை சுலபம். அப்புறம் ஃபிரேம் பெட்டியைத் திறந்தார்.

இரண்டு ஓரமும் மேலே தூக்கிய ஒன்று. "வேண்டாம் புள்ள, நெத்தியில மீசை வெச்சாப்புல இருக்குது," என்றாள் நஞ்சம்மாள்.

சின்னதாக, கறுப்பாக ஒன்று. "பஸ் கண்டக்டரு."

தேன் நிறத்தில் அகலமாக ஒன்று. "ஆங்! இதைப் போட்டா மொதலாளியே எந்திரிச்சு நிப்பாரு!"

பத்ருன்னிசா முக்காட்டை நெற்றிவரை இழுத்துக் காதோடு இறுக்கியிருந்தாள். அன்னிய ஆண் முன்னால் அதைத் தளர்த்துவதாவது! கம்பிகளைச் சேலைக்கு மேலேயே செருகிக்கொண்டாள். மடிப்புக்குள் சிக்கிக் கண்ணாடி ஆணி அடித்ததுபோல் நின்றது. சனாவுல்லாவும் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார்.

"சரியா உக்காருதாம்மா?"

"நல்லா இருக்குதுங்கண்ணே."

லென்ஸ் வெட்டிப் பொருத்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை. செக்கிங் அறையில் பெண்கள் மட்டும். பத்ருன்னிசா எப்போதும்போல் முக்காட்டைத் தோளில் தள்ளிவிட்டுக் கண்ணாடியைப் போட்டாள். முதல் பனியன். அல்லாஹ்! இழைகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. இத்தனை நாள் இவையெல்லாம் எங்கே போயிருந்தன?

இரண்டாவது பனியனுக்குக் குனிந்தாள். கண்ணாடி சறுக்கி மூக்கு நுனிக்கு வந்தது. மேலே தள்ளினாள். மறுபடி குனிந்தாள். பனியனுக்குள்ளேயே விழுந்தது.

"முக்காட்டப் போட்டுப் பாரு," என்றாள் நஞ்சம்மாள்.

போட்டாள். கையைத் தூக்கும்போதெல்லாம் சேலை இழுபட்டது, கண்ணாடியும் கோணிக்கொண்டது. நஞ்சம்மாள் தையல் நூலால் பின்னந்தலையில் ஒரு கட்டுப் போட்டாள். நூல் காதை அறுத்ததுதான் மிச்சம். பார்க்க வேண்டிய குவியல் அப்படியே இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தது.

"சோத்த அப்புறம் பாத்துக்கலாம். எந்திரி," என்றாள் நஞ்சம்மாள்.

கண்ணாடிக் கடையில் சனாவுல்லா நடந்ததைக் கேட்டதும் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"துணிக்கு அளவு பாத்துட்டோமேம்மா, முகத்துக்குப் பாக்கல! தப்பு என்னுது. பொம்பளைகளுக்கெல்லாம் எங்க ஊட்டுக்காரிதான் பாக்கறது. அன்னிக்கு அவ சாமளாபுரத்துல அம்மா ஊட்டுக்குப் போயிருந்தா." பின்பக்கம் திரும்பிக் கத்தினார். "அமீரு! இங்க வா, அவசரம்!"

அவர் மனைவி அமீருன்னிசா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பத்ருன்னிசாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நஞ்சம்மாளும் பின்னாலேயே நுழைந்துவிட்டாள்.

"முக்காட்ட எடுங்கக்கா. இங்க யாரு இருக்கா? ம்... பாருங்க, ரெண்டு பக்கமும் முகத்தைத் தாண்டி வெளிய நிக்குது. மூக்குல உக்காரவே இல்ல. சிரிங்க பாக்கலாம்."

"சிரிக்கிற நெலமையிலயாம்மா நான் இருக்கறேன்?"

"மொதலாளி சைக்கிளோட வாய்க்கால்ல விழுந்தாரே, அத நெனச்சுக்க," என்றாள் நஞ்சம்மாள்.

பத்ருன்னிசாவுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. கன்னம் உப்ப, தேன் நிறக் கண்ணாடி புருவத்துக்கு ஏறியது.

"இது ஆகாது," என்று அமீருன்னிசா பெட்டியை இழுத்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். குனியச் சொன்னாள், நிமிரச் சொன்னாள், சிரிக்கச் சொன்னாள். கடைசியில் நின்றது அந்தக் கறுப்புதான். முகத்தின் அகலத்தோடு நின்றுகொண்டது. மூக்கில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. கன்னத்தில் படவில்லை.

"கண்டக்டருன்னு சொன்ன வாயில மண்ணு," என்றாள் நஞ்சம்மாள். "உம் மூஞ்சிக்கு இப்பத்தான் ஒரு களை வந்துருக்குது."

லென்ஸ்? பெரியதைச் சின்னதாக்கலாமே! சனாவுல்லா அவற்றைக் கழற்றிச் சாணைக்கல்லில் பிடித்தார். அமீருன்னிசா கடலை வறுக்கும் மணலை அடுப்பில் வைத்தாள். ஃபிரேமின் கம்பி நுனிகளை இளஞ்சூட்டு மணலில் புதைத்து எடுத்து, பத்ருன்னிசாவின் காதுக்குப் பின்னால் அளவு பார்த்து வளைத்தாள்.

லென்ஸ் பொருத்தி வந்தது. "தலைய ஆட்டுங்க. நல்லா ஆட்டுங்க!"

அசையவில்லை.

பத்ருன்னிசா அமீருன்னிசாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாங்கக்கா. ஓடுங்க!"

பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். மேசையில் உட்கார்ந்த பத்ருன்னிசா தலை நிமிரவில்லை. கை உள்ளே, விரி, திருப்பு, அடுத்தது. ஓட்டைகள் தாமாகவே வந்து மாட்டின. குவியலில் சின்ன மிச்சம் இருக்கும்போதே வியாபாரி வந்துவிட்டார். பத்ருன்னிசா முக்காட்டைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்; கண்ணாடி அப்படியே நின்றது.

அவர் முடிந்த அடுக்கின் மேலே எடுத்தார். நடுவில் உருவினார். அடியில் கையை விட்டு இழுத்தார். விரித்தார், தூக்கிப் பிடித்தார். ஒன்றுமில்லை. ஈஸ்வரமூர்த்தி அவர் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தார். வியாபாரி பக்கத்திலிருந்த குவியலிலிருந்தும் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, நல்லது என்று அடுக்கின்மேல் போட்டார்.

"அதை நான் இன்னும் பாக்கலீங்க," என்று பத்ருன்னிசா எடுத்து விரித்தாள். கக்கத்துத் தையலுக்குக் கீழே ஒற்றை இழை விட்டிருந்தது. விரலால் தொட்டுக் காட்டினாள்.

வியாபாரி கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சிரித்துவிட்டுப் பண்டலைக் கட்டச் சொன்னார்.

ஈஸ்வரமூர்த்தி வாசலில் நின்று திரும்பினார். கிட்டத்துக் கண்ணாடியில் அவர் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. குரல் தெளிவாகக் கேட்டது.

"திங்கக்கிழமை அடுத்த லாட்டு பனியன் வருதுங்கம்மா. நேரத்துக்கு வந்துருங்க."

ஞாயிற்றுக்கிழமை பத்ருன்னிசா நெய்ச்சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு சனாவுல்லா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அமீருன்னிசா பயந்துபோய், "மறுபடியும் சறுக்குதா?" என்றாள்.

திங்கட்கிழமை மேசையில் நஞ்சம்மாளிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"தொழுகையில அவளுக்காகக் கேட்டேன். உனக்காகவும் கேட்டேன்."

"எனக்காகவா? உங்க சாமிக்கு நஞ்சம்மான்னா யாருன்னு தெரியுமா புள்ள?"

"எதிர் ஸ்டூலுன்னு சொல்லியிருக்கறேன்."

நஞ்சம்மாள் ஒரு பனியனை எடுத்து விரித்து, கொஞ்சம் அதிக நேரமே ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.