பொருந்தாத கடன்

சுப்ஹான் செத்தது வியாழக்கிழமை காலையில். சிக்கந்தரின் கைக்குப் பணம் வரவேண்டியது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு. இன்னும் ஒரு நாள் தாங்கக்கூடாதா இந்த மனுசன் என்றுதான் சேதி கேட்டதும் சிக்கந்தருக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் மௌத்துச் சேதிக்குச் சொல்லவேண்டிய துஆ வாயில் வந்தது.

இரண்டு பேருமே மலாயாவில் மூவார் ஆற்றுத் துறையில் தொங்காங் படகுகளுக்கு மூட்டை சுமந்தவர்கள். ரப்பர் கட்டு, அரிசி மூட்டை, கொப்பரை, எது வந்தாலும் பலகை மேல் ஓடி ஏற்றவேண்டியது. கீழக்கரைப் பக்கத்து ஆட்கள் இருபத்திரண்டு பேர் ஒரே கிட்டங்கி மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் லேவாதேவிக்காரனிடம் சிக்கினவர்கள். பதினைந்து வெள்ளி வாங்கிவிட்டு நாலு வருசம் வட்டி மட்டும் கட்டின ஆள் சிக்கந்தர். முதல் அப்படியே நின்றது. வட்டி வாங்குவது எப்படி ஹராமோ அப்படித்தான் கொடுப்பதும் என்று பள்ளிவாசல் லெப்பை ஒருநாள் பயானில் சொல்ல, அன்றைக்குத்தான் இருபத்திரண்டு பேரும் கூடி ஒரு தகரப் பெட்டி வாங்கினார்கள். வாரம் ஆளுக்குப் பத்துக் காசு. தேவைப்பட்டவனுக்கு முறை வைத்துக் கொடுப்பது. வாங்கினவன் வாங்கினதை மட்டும் திருப்பிக் கட்டினால் போதும். லெப்பை அதற்கு 'அழகிய கடன்' என்று பேர் சொன்னார்.

"கடன்ல என்னங்க அழகு? கொடுத்தவன் மூஞ்சியா, வாங்கினவன் மூஞ்சியா?" என்று கேட்டுச் சிரித்தவன் சுப்ஹான்.

முதலில் வாங்கினவனும் அவன்தான். பலகை வழுக்கி இடுப்பு போனபின் மூட்டை தூக்க முடியவில்லை. முப்பது வெள்ளி வாங்கி, கலியாணம் முடித்துக் கிட்டங்கியை விட்டுக் குடிபோயிருந்த வீட்டு முன்புறத்திலேயே சரபத் கடை போட்டான். செம்பு பாய்லர் ஒன்று, கண்ணாடிக் குவளைகள், இரண்டு பெஞ்சு. இஞ்சித் தண்ணியும் தேத்தண்ணியும் விற்றான். முதல் மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டினான். அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. துறைக்கு வரும் தொங்காங்குகள் குறைந்தன. கூலிக்காரன் கையில் காசில்லை, கடையில் கடன் சொன்னான். அவர்கள் கடன் சொன்னதால் சுப்ஹான் பெட்டிக்குக் கடன் சொன்னான். பிறகு நெஞ்சில் சளி கட்டிப் படுத்தான். இருபத்துநாலு வெள்ளி நின்றுபோனது.

அடுத்த முறை சிக்கந்தருடையது. அவனுக்கு நாற்பத்தாறு வயது. மாசம் பிறந்தால் கிழடுகளுக்கு வேலையில்லை என்று துறைக் கங்காணி மண்டோர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அக்கரைத் தஞ்சோங்கில் ஒரு மலாய்க்காரக் கிழவர் தன் சம்பான் படகை இருபத்தைந்து வெள்ளிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமைக்குள் பணம், இல்லாவிட்டால் ஒரு சீனன் தயாராக நிற்கிறான். சம்பான் கிடைத்தால் ஆளுக்கு இரண்டு காசு வாங்கி ஆற்றைக் கடத்தி விடலாம். துடுப்பு போடுகிறவனிடம் யாரும் வயது கேட்பதில்லை. பெட்டியில் இருந்ததோ ஆறே வெள்ளி. அதனால்தான் போன வெள்ளிக்கிழமை எல்லோரும் கூடி முடிவு பண்ணினார்கள்: சுப்ஹானின் பாய்லரையும் சாமானையும் ஹைலாம் சீனக் காப்பிக்கடைக்காரனுக்கு இருபது வெள்ளிக்கு விற்று, சிக்கந்தருக்குக் கொடுப்பது. அப்போது ஒரு ஆள் மறுத்துப் பேசவில்லை.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு முன்னால் மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கவேண்டும். சுப்ஹானைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வீட்டு முற்றத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே, வாசல் துணிக்குப் பின்னால், அவன் பெண்டாட்டி பரக்கத் நிஷா ஒரு வயதுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த ஊரிலேயே பிறந்தவள். போய்ச் சேரப் பிறந்த வீடு கிடையாது. புருசன் படுத்த நாளிலிருந்து கடையை நடத்தினவள் அவள்தான்.

லெப்பை சந்தூக்குப் பக்கத்தில் நின்று வழக்கமானதைக் கேட்டார்.

"இந்த மய்யித்து யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருக்கா? கடன் தீர்ற வரைக்கும் போன உசிரு, ரூஹு, தொங்கிக்கிட்டே நிக்கும். இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வரவேண்டியதை விட்டுக்கொடுத்துப் பொருந்திக்கிறவங்க பொருந்திக்கங்க."

எல்லோருக்கும் தெரிந்த கடன்தான்.

யஹ்யா முன்னால் வந்தான். பெட்டிச் சாவி வைத்திருக்கிறவன், கூட்டத்தில் நாக்கு நீளமானவன். "பெட்டிக்கு இருபத்துநாலு வெள்ளி நிக்கிதுங்க. ஆனா இன்னிக்கு அதைப் பேசற நாளா லெப்பை? எம் பங்கை நான் பொருந்திக்கிட்டேன்."

"பெட்டி பொது, ஒருத்தர் பொருந்தலைன்னாலும் கடன் முழுசா நிக்கும். வாயால மட்டும் பத்தாது. மனசும் பொருந்தணும்."

"மனசாரத்தாங்க."

அவன் ஆரம்பித்து வைத்தது வரிசையாக ஓடியது. பொருந்திக்கிட்டேன், நானும் பொருந்திக்கிட்டேன், அல்லாவுக்காகப் பொருந்திக்கிட்டேன். ஒருத்தன் அழுதான். ஆளுக்கு ஒரு வெள்ளி சொச்சம்தான் பங்கு, அதுவும் கைவிட்டுப் போய் எத்தனையோ மாதமான காசு. விட்டுக்கொடுத்தால் பாய்லர் பரக்கத் நிஷாவுக்கு நிற்கும், அவள் கடையைப் போட்டுப் பிழைத்துக்கொள்வாள். நல்ல காரியம். இவ்வளவு மலிவாக ஒரு நல்ல காரியம் அவர்களுக்கு எப்போது வாய்த்தது?

இருபது வாய் சொல்லி முடித்தது. செத்துக் கிடக்கிறவனையும் சேர்த்தால் இருபத்தொன்று. எல்லோரும் சிக்கந்தரைப் பார்த்தார்கள்.

சிக்கந்தர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லிவிடலாம். ஒரு சொல். சுப்ஹானோடு ஏழு வருசம் ஒரே சட்டியில் சோறு தின்றவன் அவன். ஆனால் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை எங்கே போவது? அடுத்த மாதம் துறையில் உட்கார்ந்து சிந்தின அரிசியைப் பொறுக்குவதா?

"என்ன காக்கா, தொண்டையில என்ன அடைச்சிக்கிச்சு?" என்றான் யஹ்யா, அண்ணன் முறைச் சொல்லை மட்டும் விடாமல்.

"எனக்குப் பொருந்தல."

சத்தமில்லாமல்தான் சொன்னான். முற்றம் முழுக்கக் கேட்டது.

"அலமாக்!" என்றான் பின்னால் ஒருத்தன். "மய்யித்து முன்னாடி நின்னுக்கிட்டு..."

"போன வெள்ளிக்கிழமை நீங்கதானே எல்லாரும் விக்கச் சொன்னீங்க?" சிக்கந்தரின் குரல் எழும்பியது. "அப்ப அவன் உசிரோட படுத்துக் கெடந்தான். அப்ப எவன் மனசும் இளகலையே. செத்தப்பறம் மட்டும் எங்கேருந்து வந்திச்சு இந்த எரக்கம்?"

"உசிரோட இருக்கறவன் வேற, மௌத்தாப் போனவன் வேற" என்றான் யஹ்யா.

"நானும் உசிரோடதானடா இருக்கேன்! மண்டோர் என்னைத் தள்ளிட்டா நீ போடுவியா சோறு?"

"ஒரு மரப்படகுக்காகக் கூட்டாளியோட ரூஹைக் கட்டித் தொங்கவிடறே. நல்லா இரு."

லெப்பை கையைத் தூக்கி அடக்கினார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "சண்டை வேணாம். அவர் பொருந்தலைன்னா அது அவர் உரிமை, குத்தமில்ல. வேற வழியும் இருக்கு. இந்தக் கடனை வேற யாராவது ஏத்துக்கலாம். ஏத்துக்கிட்டா மய்யித்து பாரம் நீங்கிப் போகும். யாரு ஏத்துக்கறீங்க?"

பொருந்திக்கிட்டேன் என்று சொன்ன வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. யஹ்யா சந்தூக்கு மேல் போட்ட துணியைச் சரிசெய்தான். அழுதவன் மூக்கைச் சிந்தினான். போன காசை விடுவது வேறு, வரப்போகும் காசைக் கொடுப்பது வேறு என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு வெள்ளி போட்டால் அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும். ஒருத்தனும் போடவில்லை.

வாசல் துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"லெப்பை, நான் ஏத்துக்கறேன். அவர் கடன் என் கடன்."

"அவசரப்படாதே புள்ள. நீ என்னத்தை வச்சுக் கட்டுவே?"

"ஹைலாமுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்க. அவர் கபுருக்குள்ள போறதுக்கு முன்ன பணம் கையில வந்திடணும்."

சிக்கந்தர் துணியைப் பார்த்துச் சொன்னான்: "நான் உன்னைக் கேக்கல தங்கச்சி."

"வேற யாரைக் கேட்டீங்க காக்கா?"

லெப்பை ஒரு பையனை ஹைலாம் கடைக்கு ஓட்டினார்.

ஹைலாம் காப்பிக்கடைக்காரன் கைவண்டியோடு வந்தான். பாய்லரைத் தட்டிப் பார்த்தான். மய்யித்து வீட்டில் பேரம் பேசுவது பாவம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது என்றிருந்ததைப் பதினெட்டாக்கினான். அதை வாங்கி லெப்பை எல்லோர் முன்னிலையிலும் சிக்கந்தரிடம் கொடுத்தார். பெட்டியிலிருந்த ஆறு வெள்ளியையும் எடுத்துவரச் சொன்னார். யஹ்யா கொண்டுவந்து கையில் கொடுக்காமல் பெஞ்சின் மேல் வைத்தான். மீதி நின்ற ஆறு வெள்ளியை அவள் பேரில் எழுதிக்கொண்டு சந்தூக்கைத் தூக்கினார்கள். சிக்கந்தரும் தோள் கொடுக்கப் போனான். முன்னால் நின்றவன் நகர்ந்து இடம் விடவில்லை. அவன் பின்னாலேயே நடந்தான்.

குறைந்த ஒரு வெள்ளிக்குத் தன் கம்பளியை விற்றான். சனிக்கிழமை சம்பான் அவனுடையதாயிற்று.

அடுத்த ஜும்ஆவுக்குப் பெட்டியில் பத்துக் காசு போட்டவர்கள் எட்டுப் பேர். அதற்கடுத்த வாரம் மூன்று பேர். நாளைக்கு நாம செத்தாலும் நம்ம பெண்டாட்டி கைச் சட்டியைப் பிடுங்கத்தானே இந்தப் பெட்டி என்று யஹ்யா பேசித் திரிந்தான். போட்டவர்கள் போட்டதைத் திரும்பக் கேட்டார்கள். சிக்கந்தர் வாரம் கட்டுகிற காசு அப்படியே அவர்களுக்குப் பிரிந்து போனது. மாதம் இரண்டு ஆவதற்குள் கிட்டங்கி ஆட்கள் நாலு பேர் மறுபடியும் லேவாதேவிக்காரன் வாசலில் நின்றார்கள்.

சிக்கந்தர் ஒரு தவணைகூடத் தப்பவில்லை. படகிலேயே படுத்தான். ஸலாம் சொன்னால் கிட்டங்கி ஆட்கள் வாய்க்குள்ளேயே பதில் சொன்னார்கள். துறையிலிருந்து மண்டோர் தள்ளின பன்னிரண்டு பேரில் சோறு தின்றுகொண்டிருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

புருசன் செத்தவள் வீட்டுக்குள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, பரக்கத் நிஷா ஒருநாள் காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைப் படியில் இறங்கினாள். மெலிந்து போயிருந்தாள். அக்கரையில் ஒரு துரை வீட்டில் துணி வெளுக்க ஆள் கேட்டிருந்தார்கள். நின்றது இவன் சம்பான் ஒன்றுதான். ஆளைப் பார்த்தும் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

நடு ஆறு வந்தது. பிள்ளை தண்ணீரைத் தொடக் கையை நீட்டியது. அவள் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"தெனமும் போய்வரணுமா?" என்றான் சிக்கந்தர்.

"தெனமும்தான்."

"உங்கிட்ட காசு வாங்க மாட்டேன். எப்ப வேணும்னாலும் ஏறிக்க."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு காசை எடுத்துப் பலகை மேல் வைத்தாள்.

"வேணாம் காக்கா. சும்மா ஏறினா அதுவும் கடன்தான். அந்த ஆறு வெள்ளியே இன்னும் நிக்கிது."

"நான் பொருந்தி..." என்று ஆரம்பித்தான். பாதியில் விட்டுத் துடுப்பை அழுத்திப் போட்டான்.

கரை வந்தது. அவள் இறங்கிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. சிக்கந்தர் அந்த இரண்டு காசையும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்தான். அன்றைக்குப் பெட்டித் தவணை நாள். குனிந்து எடுத்து மடியில் செருகிக்கொண்டு, எதிர்க்கரைக்கு ஆள் உண்டா என்று கூப்பிட ஆரம்பித்தான்.