கீழ் ஹோஸில் ஒரு கட்டு

என் மனுசன் வினோதனுக்குச் சந்தேகம் என்பது சாப்பாடு மாதிரி. மூன்று நேரமும் வேண்டும். கடைக்காரனின் தராசைப் பார்ப்பார், பால்காரனின் போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பார், கோயிலில் ஐயர் தருகிற திருநீற்றைக்கூட ஒருமுறை மணந்துவிட்டுத்தான் பூசுவார். கார் திருத்துகிற கராச்சில் விட்டால் நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழையதைப் பூட்டிவிடுவார்களாம். அதனால் எங்கள் பழைய காருக்கு எல்லா வைத்தியமும் வீட்டுக் கொட்டிலுக்குள்தான்.

அன்றைக்கு றேடியேற்றர் ஹோஸ் மாற்றுகிற வேலை. றேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் தண்ணீர் போய்வருகிற றப்பர்க் குழாய்கள் அவை, மேலே ஒன்று, கீழே ஒன்று. கிளிநொச்சியில் வாங்கிய புது ஹோஸ் இரண்டையும் சாக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரம். மறுநாள் எங்கள் மகள் நிரோஜாவின் கலியாணக் கார்ட் கொடுக்க நெடுங்கேணிக்கும் வவுனியாவுக்கும் அந்தக் காரில்தான் போக வேண்டும்.

எனக்கு அவசரமில்லை. உள்ளதைச் சொன்னால், இந்தக் கார் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டிருந்தேன். எங்களுக்குள் கோயிலில் ஒரு கார்ட் வைத்தால், அடுத்தது தாய்மாமனுக்கு. வெற்றிலை பாக்குத் தட்டத்தோடு தாயும் தகப்பனும் போய்க் கூப்பிட வேண்டும். அதற்கு முன் வேறு வீட்டுப் படியேறினால் மாமனின் முகத்தில் அடித்த மாதிரி. பிறகு செத்த வீட்டுக்கும் வரமாட்டார்கள். நிரோஜாவின் மாமன் என் ஒரே தம்பி சதீஸ். இரண்டு வாய்க்கால் தள்ளித்தான் இருக்கிறான். அவனுக்குக் கார்ட் இல்லை என்று இவர் ஒரே பிடியாய்ச் சொல்லிவிட்டார்.

எல்லாம் தண்ணீரால் வந்தது. போன சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்து வந்தபோது எங்கள் வயலுக்குக் குறைந்துபோனது. சதீஸ்தான் வாய்க்காலை வெட்டித் தன் பக்கம் திருப்பினான் என்று இவர் கமக்காரர் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார். பிறகு போய்ப் பார்த்தால் வரம்பில் நண்டு வளை. வளையை மண்போட்டு அடைத்தார், வாயை அடைக்கவில்லை. “வளையைப் பெருப்பிச்சது ஆர்?” என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சில்லை.

எஞ்சின் நன்றாக ஆறியதும் பொனற்றைத் திறந்து மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, முறுக்கி இழுத்தார். ஹோஸ் வந்தது. வாயைச் சுற்றி உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது.

“பிரேமி, இஞ்ச வா. ஆரோ இதுக்குள்ள சுண்ணாம்பு போட்டிருக்கிறான்.”

“ஆர்?”

“ஏன், உனக்குத் தெரியாதே? எங்கட எஞ்சின் அடைச்சா ஆருக்குச் சந்தோசம்?”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர்க் கேத்திலைத் தூக்கிவந்து மூடியைத் திறந்து முகத்துக்கு நேரே நீட்டினேன். உள்ளே அதே வெள்ளை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் அப்படித்தான் படியும். கடையில் விற்கிற கூலன்ற் வெறும் சாயத்தண்ணீர், ஏமாற்று வேலை என்று சொல்லி, றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாய் ஊற்றியது இந்த மகராசன்தான்.

“அப்ப கேத்திலுக்கும் சதீசே போட்டவன்?”

அவர் கேத்திலை வாங்கி உள்ளே விரலால் சுரண்டினார். அதையும் முழுசாய் நம்பவில்லை. ஆனால் கேத்திலைச் சாக்கில் வைத்துவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றக் குனிந்தார்.

அந்தக் கீழ் ஹோஸில் இவருக்குத் தெரியாத ஒரு கட்டு இருந்தது. போன மாதம் காருக்குக் கீழே ஈரத்தைக் கண்டு இவரிடம் சொன்னேன். “நாய் மூத்திரம் பெய்திருக்கும்” என்றுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நிரோஜாவும் நானும் அந்தக் காரில்தான் புதுக்குடியிருப்புக்குக் கலியாண உடுப்புத் தைக்கக் கொடுக்கப் போய்வந்துகொண்டிருந்தோம். பொறுக்க முடியாமல் தம்பிக்குப் போன் எடுத்தேன். வந்தான், காருக்குக் கீழே சரிந்து படுத்தான், வெடித்த இடத்தைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்பைக் கீலமாய் வெட்டி இறுக்கிக் கட்டினான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

“நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ. அதை நான் கழட்டி வைக்கிறன்” என்றேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “உனக்கேன் இண்டைக்கு இவ்வளவு அக்கறை?”

சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் எனக்குச் சனி.

ஹோஸை உருவி எடுத்தார். கட்டைக் கண்டார். கையில் வைத்து உருட்டி, கட்டு எந்தப் பக்கத்தால் சுற்றிப் போகிறது என்று பார்த்தார். வயல் பம்பின் குழாய்களை இவரும் சதீசும் எத்தனையோ வருசம் சேர்ந்து கட்டியவர்கள். சதீஸ் இடக்கைக்காரன். அவன் சுற்று எல்லோருடையதற்கும் மாறிப் போகும்.

“எப்ப வந்தவன்?”

“நீங்கள் வயலுக்குப் போன நேரம்.”

“என்ர பொனற்றைத் திறந்தவனோ?”

“நான்தான் திறந்து குடுத்தனான்.”

“நல்ல மனசெண்டா மேல தெரியக் கட்டலாந்தானே? ஏன் கள்ளன் மாதிரி அடியில கொண்டுபோய் முடிஞ்சவன்?”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “தெரியக் கட்டியிருந்தா நீங்கள் அறுத்து எறிஞ்சிருப்பீங்கள்! நானும் பிள்ளையும் நடுறோட்டில நிண்டு வெந்திருப்பம். தண்ணியக் களவெடுத்தவன் எண்டு ஊரைக் கூட்டிச் சொன்னியள். அவன் உங்கட றேடியேற்றரில ஒரு சொட்டுப் போகாமல் கட்டிப்போட்டுப் போயிருக்கிறான். இப்பவும் அவன்தான் கள்ளன்!”

கத்திவிட்டு அழுதேன். கேத்திலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் பின்னால் வரவில்லை. புது ஹோஸ் இரண்டையும் பூட்டி, கிளிப் இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது. ஒழுகவில்லை போல. கார் சரியாகிவிட்டது, பிள்ளையார் என் நேர்த்தியைக் கேட்கவில்லை.

காலையில் வெளிக்கிட்டோம். தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீற்றில் இருந்தேன். பிள்ளையாருக்குக் கார்ட் வைத்தாயிற்று. சந்தியில் இடப்பக்கம் போனால் வவுனியாவுக்குப் போகிற கண்டி வீதி, வலப்பக்கம் சதீசின் ஒழுங்கை. இவர் காரை நிற்பாட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தார். பிறகு வலப்பக்கம் திருப்பினார்.

கூப்பிடப் போகிறாரா, சண்டைக்குப் போகிறாரா என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு சதீஸ் சாரத்தோடு படலைக்கு வந்தான். இவர் இறங்கினார். வெற்றிலைத் தட்டத்தைத் தொடவில்லை. நேரே போய்ப் பொனற்றைத் திறந்தார்.

“ஹோஸ் மாத்தினனான். பாத்துச் சொல்லு” என்றார்.

தம்பி எட்டிப் பார்த்தான். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நான் கை வைக்கமாட்டன் அத்தான். வழியில நிண்டா சதீஸ்தான் கழட்டிவிட்டவன் எண்டு வவுனியா வரைக்கும் சொல்லுவியள்.”

இவருடைய முகம் கறுத்துப்போனது. இப்படி ஒருவன் தன்னைச் சந்தேகப்படுவான் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். பிறகு என் பக்கம் வந்து கதவைத் திறந்து தட்டத்தை வாங்கினார். கழுவியும் போகாத கிறீஸ் கையோடு அதை ஏந்திக்கொண்டுபோய் அவனுக்கு முன்னால் நீட்டினார். நானும் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்ப நீயும் ஏறு” என்றார். “எல்லா இடமும் எங்களோட வா. கார் நிண்டா, எல்லாரும் சேர்ந்து நிப்பம்.”

சதீஸ் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தான். தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினான். “உடுப்பு மாத்திக்கொண்டு வாறன்” என்று உள்ளே போனான்.

நான் பின்சீற்றில் ஏறினேன். இவர் பொனற்றை மூடிவிட்டு ஸ்ரேறிங்கில் வந்து இருந்தார். வீட்டுக் கதவையே பார்த்தார்.

“ஒரு சேட் மாத்த இவ்வளவு நேரமே? உள்ளுக்க என்னதான் செய்யிறான்?”

“அழுறான்” என்றேன்.

இவர் கதவிலிருந்து கண்ணை எடுத்து, ஸ்ரேறிங்கில் ஒட்டியிருந்த கிறீஸைத் துடைக்கத் தொடங்கினார்.