ஏழாவது படி

"4 மார்ச் 2025, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. யாமினி அக்கா தட்டியதும் நான் கையை விடவில்லை. தாமதம்: ஏறக்குறைய ஒரு வினாடி."

எழுதி முடித்த ரக்ஷனா, 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். சும்மா பெரிதாக்குகிறோமோ என்று தோன்றவே, அதை மறுபடி மேலே எழுதினாள். 'ஏறக்குறைய' வேறு உறுத்தியது. கிளமெண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கத் தூளை நான்கு தசம இடம்வரை நிறுத்துக் கொடுக்கிறவள் அவள். அவளே ஏறக்குறைய என்று எழுதினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்?

நடந்தது இதுதான். புக்கிட் பாத்தோக்கில் அவள் வீட்டுக்கு இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்து அறையில் செவ்வாயும் வியாழனும் மாலையில் ஜூடோ வகுப்பு நடக்கிறது. எதிராளியின் முழங்கையைப் பூட்டிப் பிடிப்பதும் அங்கே ஒரு பாடம். பூட்டுப்பட்டவர் போதும் என்பதற்கு அடையாளமாக இரண்டு தட்டு தட்டினால், பூட்டியவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இது ரக்ஷனாவுக்குத் தெரியாததல்ல. பயிற்சிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையிலேயே எழுதி வைத்திருக்கிறாள். ஆனால் அந்தப் பூட்டை ஏழு படிகளாகப் பிரித்தும் எழுதி, பேருந்தில் போகும்போதெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். ஜோடியாகப் பயிற்சி செய்த யாமினி தட்டியபோது இவள் மனத்துக்குள் ஆறாவது படி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படி பாக்கியிருக்கிறதே என்று அதையும் முடித்துவிட்டுத்தான் விட்டாள்.

"பரவால்ல லா," என்றாள் யாமினி. ஆனால் முகம் வெளுத்திருந்தது. பயிற்சியாளர் சாகுல் ஹமீது அவளுடைய முழங்கையைத் தொட்டுப் பார்த்து, ஐஸ் வைத்து, பக்கத்து கிளினிக்குக்குத் தானே அழைத்துப் போனார். போகிறபோது ரக்ஷனாவைத் திரும்பிப் பார்த்து, "வியாழக்கிழமை கண்டிப்பா வா," என்றார். அவ்வளவுதான்.

அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டாள். அன்பாகச் சொன்னார் என்று வைத்தால் 'கண்டிப்பா' இடித்தது. கோபமாகச் சொன்னார் என்று வைத்தால் 'வா' இடித்தது. கடைசியில், முகத்துக்கு நேராகச் சொல்லி வகுப்பைவிட்டு அனுப்பிவிடத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டினாள். அவர் அனுப்பாவிட்டாலும் யாமினி இனிமேல் சேர்ந்து பயிற்சி செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்த வகுப்பில் அவள் எடைக்கு யாமினியை விட்டால் ஆளில்லை. மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு மாலை, தராசைத் தவிர வேறொன்றும் தன் வாழ்க்கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது போய்விடும்.

யாமினிக்கு ஒரு செய்தி அனுப்பலாம் என்று கைப்பேசியை எடுத்தாள். முதலில் எழுதியது ரொம்ப நீளம். இரண்டாவது கடிதம் மாதிரி இருந்தது. மூன்றாவதில் மன்னிப்பு நான்கு இடத்தில் வந்தது. ஆறாவதையும் அழித்துவிட்டு, பழைய பட்டியல் ஒன்றைத் தேடி எடுத்தாள்.

'நல்ல பயிற்சிக்கூடம்: பதினான்கு அம்சங்கள்' என்று டிசம்பரில் அவளே தயாரித்த பட்டியல். கோப்பைகள், சான்றிதழ், குளிர்சாதனம், நேரந்தவறாமை எல்லாம் அதில் உண்டு. புக்கிட் பாத்தோக் வகுப்புக்கு அவள் போட்டிருந்த மதிப்பெண் ஐந்து. தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் பதின்மூன்று. அப்படியிருந்தும் ஐந்தில் சேர்ந்ததற்கான காரணத்தையும் அடியில் நேர்மையாகக் குறித்திருந்தாள்: 'சோம்பல்.'

புதன்கிழமை வேலை முடிந்ததும் பதின்மூன்றைப் பார்க்கக் கிளம்பினாள்.

தேக்கா சந்தையைத் தாண்டி, தையற்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிர்ச் சுவர் முழுக்கக் கோப்பை. மாஸ்டர் பிரபாகர் என்பவர் சிரித்த முகமாக வந்து, பெயரைக் கேட்பதற்கு முன்பே தோளிலிருந்து மணிக்கட்டுவரை டேப் வைத்துச் சீருடைக்கு அளவெடுத்துவிட்டார்.

"மாஸ்டர், ஒரு டவுட்," என்றாள் ரக்ஷனா. "ஒருத்தர் தட்டினதும் இன்னொருத்தர் விடலன்னா, இங்க என்ன செய்வீங்க?"

"நம்மகிட்ட யாரும் தட்டுறதே இல்லம்மா. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் அவ்வளவு ஸ்ட்ராங்."

"அப்போ அடிபட்டா?"

"அடிபட்டவங்க வர மாட்டாங்க," என்றார் பிரபாகர், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல. "எம் சைஸ் சரியா இருக்கும். பேண்ட் மட்டும் கொஞ்சம் மடிச்சுத் தைக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் இறங்கி வந்தாள். சந்தையின் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு பட்டியலை விரித்தாள். அடிபட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்க அதில் இடமே இல்லை. பதினைந்தாவதாக ஒன்று சேர்த்தால் எல்லாவற்றையும் மறுபடி கூட்ட வேண்டிவரும். தேநீர் ஆறி ஆடை படிந்தது.

வியாழக்கிழமை ஏழரைக்கு வகுப்பு. அவள் ஏழு மணிக்கே போய்விட்டாள். திட்டு வாங்குவதற்கும் அரை மணி நேரம் முன்னாடியே போகிறவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அறையில் குமரன் மட்டும் தரையில் மெத்தை மேட்டுகளை விரித்துக்கொண்டிருந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், துவாஸில் கப்பல் பட்டறை வேலை. மேட்டுகளின் இணைப்பில் ஒட்டியிருந்த டேப் பாதிக்குமேல் உரிந்து தொங்கியது.

"வாங்கக்கா. யாமினிக்கா கையை முறுக்கிட்டீங்களாமே? நான் ஆறு மாசமா அவங்களை அசைக்கக்கூட முடியல," என்றான்.

"குமரன், ப்ளீஸ்."

"இல்லக்கா, பாராட்டுறேன்."

யாமினி வந்தாள். வலது முழங்கையில் பட்டை. பின்னாலேயே, வழக்கம்போல் பத்து நிமிடம் தாமதமாக, பேருந்து ஓட்டுநர் சீருடையிலேயே சாகுல் ஹமீது வந்து சேர்ந்தார். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தார்.

"ரக்ஷனா, செவ்வாய்க்கிழமை என்ன நடந்துச்சு? உள்ளது உள்ளபடி சொல்லு."

அவள் எழுந்து நின்று சொன்னாள். படிகளைப் பற்றியும் மறைக்கவில்லை. "தட்டினது கேட்டுச்சு கோச். ஆனா ஏழாவது படி மிச்சம் இருந்துச்சு."

குமரன்தான் முதலில் சிரிப்பில் வெடித்தான். "நல்லவேளைக்கா, பத்து படியா எழுதல!"

"என் முழங்கை என்ன லிஃப்ட்டா?" என்றாள் யாமினி. "ஏழாவது மாடி வந்தாதான் கதவு திறக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரக்ஷனாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாமினி மட்டும் சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"வேலைக்குப் போற பல் கிளினிக்கில ரெண்டு நாளா இடது கையாலதான் எச்சில் உறிஞ்சுற டியூப் பிடிக்கிறேன். டாக்டர் முறைக்கிறாரு. அது போகட்டும் லா. நேத்து முழுக்க உன் போன் வரும்னு பார்த்தேன். குமரன்கூடப் பண்ணிட்டான். நீ எங்க போன?"

தேக்காவுக்கு, வேறு பயிற்சிக்கூடம் பார்க்க என்று சொன்னாள். ஆறு செய்தி எழுதி அழித்ததையும், அளவெடுத்துக்கொண்டதையும்கூடச் சொன்னாள்.

"என்ன சைஸ்?" என்றான் குமரன்.

"டேய், சும்மா இரு," என்றார் சாகுல் ஹமீது. பிறகு ரக்ஷனாவிடம், "உட்காரும்மா. நீ வந்தப்ப நான் இதைச் சொல்லிருக்கணும். சொல்லாதது என் தப்பு. இங்க ஒரு பழக்கம் இருக்கு. யார் கையால அடிபட்டுச்சோ அவங்க தினமும் ஒரு போன் பண்ணணும், அடிபட்டவங்க போதும்னு சொல்ற வரைக்கும். அடுத்த வகுப்புல முதல் ஜோடி அவங்க ரெண்டு பேர்தான். சேர்ந்து செய்றதா வேண்டாமான்னு அடிபட்டவங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒருத்தர் தோள்பட்டையை இறக்கிட்டேன். இந்த ரூம் சாவி இப்பவும் அவர்கிட்டதான் இருக்கு. அவர் வந்து திறந்துவிட்டாத்தான் இங்க வகுப்பு."

எல்லாரும் யாமினியைப் பார்த்தார்கள். யாமினி அவசரப்படவில்லை. கால் விரலை நீட்டி மடக்கினாள். தலைமுடியை அவிழ்த்துக் கட்டினாள். ரக்ஷனா மூச்சை எண்ண ஆரம்பித்துவிட்டு, எண்ணுவது தெரிந்ததும் நிறுத்தினாள்.

"இடது கை," என்றாள் யாமினி கடைசியில். "கண்ணை மூடிக்க. எத்தனாவது படின்னு வாயைத் திறந்தே, எழுந்து போய்டுவேன்."

ரக்ஷனா கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகக் கையைப் பிடித்தாள். இரண்டாவது படியிலேயே தட்டு விழுந்தது. விட்டாள். அடுத்த முறை நான்காவதில். விட்டாள். ஒருமுறை யாமினி கையால் தட்டாமல் காலால் மேட்டைத் தட்டினாள். ஒருமுறை வாயால் "தட்டு, தட்டு" என்றாள். குமரன் காதருகே வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் குழப்பப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் விட்டாள். ஒன்பதாவது முறை, யாமினி மூச்சை இழுத்ததற்கே பதறிப்போய் விட்டுவிட்டாள்.

"ஏய், நான் இன்னும் தட்டவே இல்ல! நீயே விட்டா நான் என்னத்தைக் கத்துக்குறது?"

"சாரிக்கா."

"சாரியை போன்ல சொல்லு. இப்போ பிடி."

பத்தாவது முறை பிடித்தாள். அப்போது மனத்துக்குள் எண் எதுவும் ஓடவில்லை. உள்ளங்கைக்குக் கீழே யாமினியின் கை இறுகுவதும், தளர்வதும், பிறகு தட்டு விழுவதும்தான் தெரிந்தது. விட்டாள். யாமினி எழுந்து சீருடையைச் சரிசெய்துகொண்டாள்.

"செவ்வாய்க்கிழமையும் என்கூடதான் நீ. வேற யாரும் இவளைக் கேட்காதீங்க."

"யாருக்கா கேக்கப்போறா?" என்றான் குமரன்.

வீடு திரும்பும் பேருந்தில், மேல் தளத்து முன் இருக்கையில் உட்கார்ந்து ரக்ஷனா குறிப்பேட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்துக்குப் போய் 'சிறு' என்ற சொல்லை மறுபடி அடித்தாள். இந்த முறை மேலே எதுவும் எழுதவில்லை. பதினான்கு அம்சப் பட்டியலை மடித்துக் கடைசிப் பக்கத்தில் செருகினாள். கிழித்துப் போட இன்னும் மனம் வரவில்லை. பிறகு இன்றைய தேதியைப் போட்டு எழுதினாள்:

"நாளை, வெள்ளி. மதியம் ஒரு மணிக்கு யாமினி அக்காவுக்குச் சாப்பாட்டு நேரம். அப்போது போன் செய்து முழங்கை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். செய்தி அனுப்பக் கூடாது. வேலை முடிந்து வரும்போது மேட்டுக்கு ஒட்ட அகல டேப் இரண்டு சுருள் வாங்க வேண்டும்."